விடுமுறைக்கு வந்த எடை மெஷின்

விடுமுறைக்குப் போகிறவர்கள் பெட்டியில் நீச்சல் உடை வைப்பார்கள், சீட்டுக்கட்டு வைப்பார்கள். நாத்தனார் எடை மெஷின் வைத்திருந்தாள். கடலோர வாடகை வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, துண்டில் பச்சைக்குழந்தையைப் போலச் சுற்றி வைத்திருந்த அதைத்தான் முதலில் வெளியே எடுத்தாள். ஏறி நின்றால் கால்மாட்டில் முள் ஓடி எண்ணைக் காட்டும் பழைய மாதிரி மெஷின். பத்து நாள் உட்கார்ந்து தின்றுவிட்டு ஆளாளுக்கு ஊதிப்போய் ஊர் திரும்பக் கூடாது என்பது அவளுடைய கவலை. அவள் கவலைப்பட ஆரம்பித்தால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது.

"ஏம்மா, உன் தொழில்தானே இது. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றாள் தன் தம்பி மனைவியிடம்.

தம்பி மனைவி தராசு பழுதுபார்ப்பவள். சந்தைத் தெருவில் சின்னக் கடை. காய்கறிக்காரர்களின் தராசு முதல் குழந்தை மருத்துவரின் தராசு வரை அவள் மேசைக்கு வந்துதான் போகும். சமையலறையில் சீல் உடைக்காத இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டு இருந்தன. அவற்றைத் தூக்கி மெஷின்மேல் வைத்து, கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்தாள். "மயிரிழை தப்பில்ல அண்ணி. நம்பி ஏறலாம்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. மாடிப்படியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. விடிந்ததும் எல்லோரும் கூடத்தில் வரிசையாக நின்று ஏற வேண்டும். நாத்தனார் குனிந்து எண்ணை உரக்கச் சொல்வாள். அந்த எண்ணைப் பொறுத்துதான் காலைத் தட்டில் எத்தனை ரொட்டி, வெண்ணெய் உண்டா இல்லையா என்பதெல்லாம். அவளுடைய கணவர் பெரும்பாலும் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்வார். அவள் மட்டும் கடைசியில் ஏறி, "அறுபத்தொண்ணு. கல்யாணத்தப்போ இருந்த அதே அறுபத்தொண்ணு" என்பாள், பதக்கம் வாங்கியவளைப் போல.

தராசுக்காரி பருமனானவள். அவள் எண்ணைச் சொல்லும்போது நாத்தனாரின் குரல் ஒரு படி மேலே ஏறும். மெஷின் தாங்குமா என்று கேட்பாள். தன் தம்பியைப் பார்த்துக் கண்ணடிப்பாள், அந்த மனிதரும் பல்லைக் காட்டுவார். தராசுக்காரி இதற்கெல்லாம் அசரவில்லை. பதினைந்து வருடமாக அந்தக் குடும்பத்தின் கேலியைத் தின்று செரித்தவள் அவள், இதுவும் அதோடு சேர்ந்தது என்று விட்டுவிட்டாள்.

ஆனால் நாத்தனார் பிள்ளைமேல் கை வைத்தாள். நிஜமாகவே கையைத்தான் வைத்தாள்.

பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. கன்னமும் கையும் பூரித்து வரும் பருவம். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் இதே அத்தை சொன்ன ஒரு வார்த்தைக்காக அவள் மாதக்கணக்கில் இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். கெஞ்சியும் மிரட்டியும், அம்மா இப்போதுதான் அவளை மறுபடி தட்டுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தாள். கடல் காற்றுக்குப் பசி எடுத்து, தானாகவே இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டினாள் பெண். அத்தை எட்டி அந்தக் கையின் மேல்சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தாள்.

"இந்தக் கை உனக்குச் சொந்தமா, உங்கம்மாகிட்ட இரவல் வாங்கினதா?"

மேசை முழுக்கச் சிரித்தது. ரொட்டி தட்டுக்குத் திரும்பிப் போனது. பெண் எழுந்து போகவில்லை, அழவில்லை, கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அம்மா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். என் பெண் இந்த மெஷினில் ஏற மாட்டாள், அவள் சாப்பாட்டைப் பற்றி இனி யாரும் பேசக் கூடாது என்று சொன்னாள். சரி சரி, யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று நாத்தனார் வெள்ளரிக்காயைக் கடித்தாள். இருடி, உனக்கு வைக்கிறேன் என்று தராசுக்காரி உள்ளுக்குள் கருவிக்கொண்டாள்.

அன்று எல்லோரும் கடலுக்குப் போனபோது தலைவலி என்று வீட்டில் தங்கினாள். சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும் குட்டித் திருப்புளியை எடுத்தாள். மெஷினைக் குப்புறப் போட்டு அடித்தகட்டைக் கழற்றினாள். அனுபவமில்லாதவன் முள்ளை நகர்த்தி வைப்பான், ஆள் ஏறாதபோதே குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் முள்ளைத் தொடவில்லை. உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் திருகை மட்டும் கால் சுற்றுத் திருப்பினாள். காலியாக இருக்கும்போது பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும். ஆள் ஏறினால்தான் கூடுதலாக ஓடும், கனத்துக்குத் தக்கபடி.

இப்படிச் செய்து தரச் சொல்லி எத்தனையோ வியாபாரிகள் அவள் கடைப்படி ஏறியிருக்கிறார்கள். எல்லோரையும் திட்டி அனுப்பியிருக்கிறாள். இப்போது தானே செய்தாள். திருகு திரும்பிய சுகத்தை அவள் மறைக்கப் போவதில்லை, தொண்டையில் தேன் இறங்கியது போல இருந்தது.

மறுநாள் காலை நாத்தனார் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். அன்று பதக்கம் இல்லை. "உப்புக் காத்து, உடம்புல தண்ணி நிக்குது" என்று மட்டும் முணுமுணுத்தாள். மற்றவர்களுக்கும் ஏறித்தான் இருந்தது. ஆனால் விடுமுறையில் தின்பவர்களுக்கு ஏறுவது அதிசயமா என்ன? தராசுக்காரி தன் எண்ணுக்கு வெட்கப்படுவது போலத் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

அப்புறம் மாலைதோறும் இன்னும் ஒரு கால் சுற்று. நாத்தனார் ரொட்டியை விட்டாள், பிறகு முட்டையை விட்டாள். இருட்டோடு எழுந்து மணலில் ஓடினாள். வளையலைக் கழற்றி, தோட்டைக் கழற்றி, கடைசியில் கொண்டை ஊசியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஏறினாள். முள் இரக்கப்படவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து தராசுக்காரி ரொட்டியின் மூலை முடுக்கெல்லாம் வெண்ணெய் தடவினாள், அவசரமே இல்லாமல். ஏன் அண்ணி, உடம்புக்கு முடியவில்லையா, கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறதே என்று விசாரித்தாள். நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. தராசுக்காரியின் கணவர் மட்டும் பயந்துபோய் ஐஸ்கிரீமை நிறுத்தினார். பல்லைக் காட்டியதற்கு அதுவும் வேண்டியதுதான்.

நாத்தனார் இப்போது யார் தட்டையும் பார்ப்பதில்லை. தன் பெண் அத்தை தொல்லை இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள் என்றே தராசுக்காரி நினைத்தாள். தட்டு காலியாவதைத் தன் கண்ணால் பார்த்தாள்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மதியம், ஈரத்துணிகளைக் காயப்போட மகளின் கடற்கரைப் பையைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. சுருட்டிய துண்டுக்குள் ரொட்டித் துண்டுகள், நசுங்கிய முட்டை, பொரித்த மீன், எல்லாவற்றின் மேலும் எறும்பு. பெண் வாசலில் வந்து நின்றாள். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருப்பதை அம்மா அப்போதுதான் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் கண் வேறொருத்தியின் கன்னத்தில் அல்லவா இருந்தது.

"நீ திட்டாதம்மா. எல்லாரும் குளிக்கப் போனப்புறம் தினமும் ஏறிப் பாத்தேன்" என்றாள் பெண். "நாப்பத்திநாலு இருந்தேன். இப்ப நாப்பத்தேழரை. சாப்பிடாமலே ஏறுதும்மா. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

"அந்த மெஷின் தப்புடி கண்ணு."

"நீதானே சரியா இருக்குன்னு சொன்ன? மயிரிழை தப்பில்லன்னு சொன்னியே."

தராசுக்காரி மெஷினைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள், பின்னாலேயே பெண்ணும் வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகளை ஒதுக்கிவிட்டு அதைக் குப்புறக் கவிழ்த்தாள். ஸ்பிரிங்கைத் திருகியது நான்தான், அண்ணியைப் பட்டினி போடத்தான் செய்தேன், பிள்ளையைக் கிள்ளியதற்குப் பழி வாங்கத்தான் செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நாத்தனார் கத்துவாள், தட்டு பறக்கும், பதிலுக்கு மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தாள்.

"அப்ப நான் ஏறவே இல்லையா?" என்றாள் நாத்தனார்.

"இல்ல. இறங்கித்தான் இருப்பீங்க."

நாத்தனாரின் முகம் பூவாக மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். என்ன கூத்துடா இது என்று சிரித்தாள், கோபம்கூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ரொட்டிக் கூடையைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். தராசுக்காரி பழி வாங்கியதெல்லாம் அவளுக்கு விருந்தாகிப் போனது.

தராசுக்காரி திருகை மெல்லப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். சமையலறையிலிருந்து அன்று வந்த புதுக் கேன்கள் இரண்டையும் தூக்கி வந்து, மெஷினைத் தரையில் வைத்து, முள் சரியான இடத்தில் நிற்பதை மகளுக்குக் காட்டினாள். ஏறிப் பார் என்றாள். பெண் ஏறினாள். முள் நாற்பத்தொன்றில் நின்றது.

பெண் அந்த எண்ணைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தாள்.

"இது நெஜமாவே என் எடையா," என்று கேட்டாள், "இல்ல, நான் சாப்பிடணும்னு நீ திருகி வெச்சதா?"

எப்படிப்பட்ட தராசையும் நிரூபித்துக் காட்டத் தெரிந்தவள் தன் கையிலிருந்த திருப்புளியைக் குனிந்து பார்த்தாள். பெண் இறங்கி, தட்டைத் தொடாமல் மாடிக்குப் போனாள்.

"அந்த வெண்ணெயைக் கொஞ்சம் இப்படித் தள்ளும்மா" என்றாள் நாத்தனார், வாய் நிறைய.

தராசுக்காரி தள்ளினாள்.