பதினான்கு வஞ்சரத் தலைகள்

பையைத் திறக்கச் சொல்லி யூஜின் கேட்டபோது அவன் விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பதினோரு வருடமாக அதே பின்வாசல், அதே நீலப் பை, அதே நாலு மணி. அவன் ஓட்டலின் செக்யூரிட்டி, நான் அதே ஓட்டலில் மீன் வெட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் என் பையிலிருந்து இரண்டு தலை அவன் வீட்டுக்கும் போகும். அன்றைக்கு மட்டும் தொப்பியை நேராக்கிக்கொண்டு, முன்பின் பார்க்காத ஆளிடம் பேசுகிற குரலில், "தனக்கோடி, பையத் தொற" என்றான்.

"இன்னாடா புதுசா?"

"ஆர்டர்பா. மூணு நாளைக்கு கிச்சன்லேர்ந்து ஒண்ணும் வெளிய போவக் கூடாது. மீந்ததெல்லாம் எடை போட்டு எழுதணுமாம். அந்த மீட்டிங் அய்யரு போட்ட ஆர்டர்."

அவன் சொன்னது தேசிகனை. அய்யர் இல்லை, அய்யங்கார். ஆனால் யூஜினுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மல்லேஸ்வரத்துக்காரர். ஏதோ ஒரு சர்வதேச நிறுவனத்துக்கு ஆலோசகர். கள்ளத்தனமாக மீன் பிடிப்பதைத் தடுத்து ஏழை நாடுகளின் உணவைக் காப்பது எப்படி என்று பேச இருபத்திரண்டு நாட்டிலிருந்து ஆட்களை இரண்டாயிரத்து ஐந்து ஜூலையில் பெங்களூருக்கு வரவழைத்திருந்தார். கடலே இல்லாத ஊரில், மீனே தின்னாத மனிதர். இதை நான் கேலியாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் ஆமாம், கேலியாகத்தான் சொல்கிறேன். வந்த முதல் நாளே கிச்சனைப் பார்வையிட வந்து, என் மேசைக்குப் பத்தடி தள்ளி நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு "எல்லாம் ஹைஜீனிக்கா இருக்கோன்னோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

உணவு வெளியே போகக் கூடாது என்ற ஆர்டர் எனக்கும் தெரியும். போர்டில் ஒட்டியிருந்தார்கள், படித்தேன். ஆனால் மீன் தலை உணவு என்று அந்த ஓட்டலில் யார் எப்போது சொன்னார்கள்? அங்கே அது குப்பை. நான் சேருவதற்கு முன்னால் சந்திரசேகரன் என்று ஒருவர் அந்த மேசையில் வெட்டினார். வேலையை விட்டுப் போகும்போது கத்தியை என்னிடம் கொடுத்து, "தலை வெட்டுறவனுக்குத்தான், யாரையும் கேக்காத" என்றார். அவருக்கு முன்னால் இருந்தவர் அவரிடம் அப்படித்தான் சொன்னாராம். எந்தத் தாளிலும் அது எழுதப்படவில்லை, எந்த மானேஜரும் இல்லை என்று சொல்லவுமில்லை. மர்பி டவுனில் எங்கள் சந்தில் வாரத்தில் நாலு நாள் குழம்பு கொதிப்பது அந்தத் தலைகளால்தான். அதனால் ஆர்டரைப் படித்தும் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். இதில் திருட்டு என்ற வார்த்தை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

யூஜின் பையை இழுத்தான், நானும் இழுத்தேன். அடிப்பக்கம் கிழிந்து பதினாலு வஞ்சரத் தலையும் சிமென்ட் தரையில் உருண்டன. வாசலில் ஒரு பஸ் நின்றிருந்தது. மீட்டிங்குக்கு வந்தவர்களை அல்சூர் ஏரியைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போகிற பஸ். முன்வாசலில் கல்யாண வரவேற்புப் பந்தல் போட்டிருந்ததால் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். ஏறப்போனவர்கள் மூக்கைச் சுளித்து விலகினார்கள். ஒரு பெண்மணி மட்டும் இறங்கி வந்தார். குள்ளமாக, என் வயசு இருக்கும், கழுத்து அட்டையில் பிலிப்பைன்ஸ் என்று எழுதியிருந்தது. புடவைக்காரிகள் மீன்கடையில் உட்காருகிற மாதிரி குந்தி உட்கார்ந்து, ஒரு தலையை எடுத்துச் செவுளை விரலால் பிரித்துப் பார்த்தார். மீன்காரி வீட்டில் பிறந்தவர் என்று அந்த விரலைப் பார்த்தாலே தெரிந்தது. இது எந்த மீன் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அங்கேதான் என் வாய் கெட்டது. பதினோரு வருட ஓட்டல் பழக்கம். யார் கேட்டாலும் நம் சரக்கை உயர்த்திச் சொல்ல வேண்டும். "டுநைட் டின்னர் மேடம். வெரி ஃப்ரெஷ்" என்றேன்.

அவர் தலையை உள்ளங்கையில் வைத்து மூடினார். கை முழுசாக மூடிக்கொண்டது. அப்புறம் என்னைப் பார்த்தார். அப்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

வளர்ந்த வஞ்சரத்தின் தலையைத் தூக்க இரண்டு கை வேண்டும். அன்று காலையில் வந்த மீன் ஒவ்வொன்றும் என் முழங்கைக்கும் விரல்நுனிக்கும் நடுவில் அடங்கியது. முட்டையே போடாத குட்டிகள். கடலில் மீன் பிடிக்கக் கூடாத மழைக்காலத் தடையில் எவனோ திருட்டுத்தனமாகப் படகை விட்டு வாரிக்கொண்டு வந்திருக்கிறான். பெட்டியைத் திறந்ததுமே எனக்குத் தெரியும், வாங்கிய பர்ச்சேஸ் மானேஜர் நாகேஷுக்கும் தெரியும். "போன்லெஸ் க்யூப் போட்டுடு குரு, பீஸ் சின்னதா இருக்கட்டும்" என்றார். தோலை உரித்துத் துண்டு போட்டுவிட்டால் மீனின் வயசைக் கடவுளாலும் சொல்ல முடியாது. மற்ற தலைகளை சூப்புக்குப் போட்டு மதியமே வேகவைத்தாயிற்று. ஆனால் சாப்பாட்டு ஹால் வாசலில் சட்டம் போட்டு ஒரு சர்டிஃபிகேட் வைத்திருந்தார்கள். இன்றிரவு விருந்தின் மீன் ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்கு மேல், லைசென்ஸ் உள்ள படகில் முறையாகப் பிடித்தது என்று. தேசிகன் கேட்டு வாங்கிய சர்டிஃபிகேட், நாகேஷ் கையெழுத்து. அது பொய் என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது என் பைதான்.

முக்கால் மணி நேரம் கழித்து என்னை மாடியில் இருக்கும் சின்ன மீட்டிங் அறைக்குக் கூட்டிப் போனார்கள். பஸ் அந்தப் பெண்மணியை விட்டுவிட்டுப் போயிற்று, அவர் ஏற மறுத்துவிட்டார். தலைகளைத் தன் கையாலேயே பொறுக்கி, ஐஸ் போட்ட ஒரு ட்ரேயில் வைத்து, வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தார். அறைக்கு வெளியே நாகேஷ் என்னை ஓரங்கட்டி, தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"சும்னே இருந்திருக்கலாம்ல நீ? சரி, நோடு, ரெண்டே வழிதான். அந்தத் தலை ஓட்டல்துன்னா நீ திருடன். கேஸ் எழுதுவாங்க, வேல போகும். வெளிய வாங்கினதுன்னா நீ திருடன் இல்ல, நாளைக்கு எப்பவும் போல டூட்டிக்கு வா. ஒரு கையெழுத்துதான்."

"நான் ஏற்கெனவே டின்னர் மீனுன்னு சொல்லிட்டேனே சார்."

"இங்கிலீஷ் புரியல, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. பயம்தான் வந்தது. என் மகள் ஷில்பா அப்போது பி.யு.சி. முதல் வருஷம். இந்த வயசில் பீன்யா தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பேன்? கத்தி பிடிப்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

உள்ளே தேசிகன் தாளைத் தயாராக வைத்திருந்தார். கைக்குட்டை இன்னும் மூக்கில்தான். "பயப்படாதப்பா. உன்மேல ஒரு ஆக்‌ஷனும் கிடையாது. இங்க ஒரு கையெழுத்துப் போடு, போறும்" என்றார். ட்ரேயைப் பார்க்காமல் விரலை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி, "இதையெல்லாம் மனுஷா சாப்பிடுவான்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் இன்னும் மோசம்.

பேனாவை எடுத்தேன். எங்கள் ஆட்கள் பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைத்துக் கெட்ட கதைகள் நிறைய உண்டு, அதனால் அப்பா என்னை எதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடப் பழக்கியிருந்தார். பத்தாவது வரை படித்த இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேசிகன் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தக் குட்டி மீன்களை நான் லைசென்ஸ் இல்லாத வியாபாரியிடம் வாங்கினேன் என்று முதல் பத்தி. அது பேசியதுதான். இரண்டாவது பத்தி யாரும் என்னிடம் சொல்லாதது. மர்பி டவுன் போன்ற பகுதிகளில் வசிக்கும் குறைந்த வருமானக் குடும்பங்கள் அறியாமையால் குட்டி மீன்களை விரும்பி வாங்குவதே இந்தக் கள்ள வேட்டைக்குக் காரணம், எங்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி தேவை என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

"இது இன்னா சார், ரெண்டாவது?"

"அது ரிப்போர்ட்டுக்குப்பா. ஒரு கேஸ் ஸ்டடி. உன் பேரெல்லாம் வராது, ஏரியா பேர் மட்டும்தான். உங்களுக்கே நல்லது, ட்ரெயினிங் நடத்த ஃபண்ட் வரும்."

நாகேஷ் என் தோளை அழுத்தினார். எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறியது. விருந்தைத் தின்னப்போவது இருபத்திரண்டு நாடு. பொய்த்தாள் எழுதியது ஓட்டல். கடலைக் காலி பண்ணியது மட்டும் எங்கள் சந்து! வெட்டி எறிந்ததை எடுத்துப்போய்க் குழம்பு வைக்கிற என் பெண்டாட்டி கடலை அழித்தவள். திருடன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அது எனக்கு மட்டும். இந்த மனிதர் ஒரு பேட்டையையே எழுதி இருபத்திரண்டு நாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார், அதுவும் என் கையெழுத்தில்.

பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"நான் வாங்கல சார். திருடினேன்."

"டேய்," என்றார் நாகேஷ்.

ட்ரேக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணியைப் பார்த்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "மேடம், ஐ தீஃப். ஹோட்டல் ஃபிஷ். டுநைட் டின்னர் ஃபிஷ். நோ அவுட்சைட்." சொன்னதில் பிழை இருக்கலாம். அவருக்குப் புரிந்தது. நாகேஷைப் பார்த்தார், அப்புறம் தேசிகனைப் பார்த்தார்.

வாசலில் நின்ற யூஜினைக் கூப்பிட்டேன். "செக்யூரிட்டி புக்க எடுத்துனு வாடா. திருட்டுன்னா எழுதணும்ல? எழுது."

"தனக்கோடி, வாணாம்டா..."

"எழுதுடா! இன்னா பொருளு, எவ்ளோ, எங்கேர்ந்து எடுத்தது, எல்லாம் எழுது. ஒண்ணொண்ணா எண்ணி எழுது."

யூஜின் கீழே போய் ரிஜிஸ்டரோடு வந்தான். அதை ட்ரேக்குப் பக்கத்தில் விரித்து, தேதி போட்டு, என் பெயரை எழுதினான். அப்புறம் ஒரு தலையைத் தூக்கி, "ஒண்ணு" என்றான். பிலிப்பைன்ஸ் பெண்மணி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். கைப்பையிலிருந்து தையற்காரன் டேப்பை எடுத்து மூக்கிலிருந்து செவுள்வரை அளந்து, தேசிகனின் தாளைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் குறித்தார். ஒன்பது சென்டிமீட்டர். அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

"ரெண்டு."

ஐஸ் கரைந்து ட்ரேயின் விளிம்பைத் தாண்டி வெள்ளை விரிப்பில் இளஞ்சிவப்பாகப் பரவியது. நாகேஷ் செல்போனை எடுத்தார், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "நாலு," என்றான் யூஜின். "அஞ்சு." இப்போது அவன் குரல் உரக்க வந்தது. கீழே ஏரியிலிருந்து பஸ் திரும்பி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. படியில் மீட்டிங் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறி வந்தார்கள்.

யூஜின் ஏழாவது தலையைத் தூக்கினான். தேசிகன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். எழுந்து போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.