இருவருக்கான அறை

அக்காவின் கார்டை முதலில் வைக்க வேண்டும். நூலக வாசலில் இருந்த கறுப்புப் பெட்டியில் அது பட்டதும் பச்சை விளக்கு எரியும். கண்ணாடிக் கதவின் இரண்டு மடல்களும் விலகும், ஓர் ஆள் நடந்துபோகிற நேரம் திறந்து நிற்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். யாரும் உள்ளே போயிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தைத் தங்கை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதில் கழிப்பாள். அப்புறம் தன் கார்டை வைத்துத் தான் நுழைவாள். பின்னால் நிற்பவர்கள், முதல் தடவை சரியாகப் பதியவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். ஒவ்வொரு காலையும் அந்த முதல் கார்டை நீட்டும்போது அவளுக்குப் பயம்தான். இன்றைக்குச் சிவப்பு எரிந்துவிடுமோ, செல்லாது என்று எழுத்து ஓடுமோ என்று விளக்கையே பார்ப்பாள். பச்சை எரிந்ததும், அக்காவுக்கு இன்னும் ஒரு நாள் கொடுத்துவிட்டார்கள் என்பதுபோல ஒரு மூச்சு வெளியே வரும். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய.

இருவரும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தார்கள். அக்காவுக்கு நத்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி, தங்கைக்குச் சட்டம். வீட்டில் ஒரே அறையில் உட்கார்ந்தால் பேசியே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று அம்மா நூலகத்துக்குத் துரத்திவிட்டாள். அவர்கள் இங்கே வந்து இன்னொரு சின்ன அறையைப் பிடித்து உட்கார்ந்து மிச்சப் பேச்சைப் பேசினார்கள். இரண்டாம் மாடியில் நடைபாதையின் கடைசி அறை அது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல். தனி ஆளுக்கு அந்த அறையைக் கொடுக்க மாட்டார்கள். கதவுக்கு வெளியே இருந்த பெட்டியில் இரண்டு கார்டு பட்டால்தான் பூட்டு திறக்கும்.

தலை வலிக்கிறது என்று வீட்டில் படுத்த அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குள் ஏதோ ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'அது நடந்தப்புறம்' என்றே அம்மாவும் அப்பாவும் பேசினார்கள். அக்காவின் துறைக்குத் தகவல் போயிற்று. துறையிலிருந்து நூலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. கல்வியாண்டு முடியும்வரை கார்டு உயிரோடு இருக்கும் என்பதைத் தங்கை தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள்.

முதலில் அவள் பொதுக் கூடத்தில்தான் உட்கார்ந்து பார்த்தாள். அங்கே யாராவது ஒரு பெண் புத்தகத்தின்மேல் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். தங்கைக்குப் புத்தகத்தில் கண் நிற்காது. ஏதோ புத்தகம் தேடுகிறவள்போல அருகே போய், அந்த முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி தலைசாய்ப்பாள். ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும் பயம் கொஞ்சம் வெளியே நின்றது. அதற்கு இரண்டு கார்டு வேண்டும். இரண்டும் அவளிடம் இருந்தன, ஒரே பிளாஸ்டிக் உறையில், முதுகோடு முதுகாக.

அறையின் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்ப்பவர்களுக்காக எதிர் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, அதன் முதுகில் அக்காவின் சாம்பல் நிற ஸ்வெட்டரை மாட்டிவைப்பாள். மேசையில் அந்தப் பக்கம் நத்தைப் புத்தகத்தை விரித்து, குறுக்கே பென்சிலை வைப்பாள். அறை கிடைக்காத மாணவர்கள் வந்து இன்னொருத்தர் எங்கே என்று கேட்டால், இப்போதுதான் பாத்ரூம் போனாள் என்பாள். முதலில் நாக்கு குழறியது. போகப்போகப் பழகிவிட்டது. சில நாள் அப்படிச் சொல்லிவிட்டு, அவள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு.

ஒருவரிடம் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லும்போது கஷ்டமாக இருந்தது. இரண்டாம் மாடிக்குப் பொறுப்பான உதவியாளர். யார் வாயைத் திறந்தாலும் உதட்டில் விரல் வைத்து உஷ் என்பார். அதனால் அக்கா அவருக்கு உஷ் சார் என்று பெயர் வைத்தாள். ஒருநாள் வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். மனிதர் தோள்கள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார். அதற்கும் மேலே அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவர் இவர்களைப் பெரியவ, சின்னவ என்றுதான் கூப்பிடுவார். முட்டிவலிக்காரர், படியைப் பக்கவாட்டில்தான் ஏறுவார். மூடும் நேரத்தில் படிக்கட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பார். கடைசி ஆள் எப்போதும் அக்காதான். "பெரியவளே, வீடு வாசல் கிடையாதா? அந்த நத்தை எங்கயும் ஓடிடாது" என்பார். "ஓடிட்டா நீங்கதான் சார் பிடிச்சுத் தரணும்" என்பாள் அக்கா.

இப்போதெல்லாம் அவர் கேட்பார், பெரியவளைக் கண்ணிலேயே காணோமே என்று. மேலேதான் இருக்கிறாள் என்பாள் தங்கை. எழுதிக்கொண்டிருக்கிறாள், தொந்தரவு பண்ணக் கூடாது என்பாள். அவர் தலையாட்டிக்கொண்டு அந்த நடைபாதையில் இன்னும் மெதுவாக நடப்பார்.

அன்றைக்குப் பயம் புத்தக உருவத்தில் வந்திருந்தது. அக்கா பெயரில் இருந்த புத்தகங்களைத் தங்கை கீழ்த்தளத்து மெஷினில் கெடு தவறாமல் புதுப்பித்து வந்தாள். அன்று காலை நத்தைப் புத்தகத்துக்கு மட்டும் மெஷின் மறுத்துவிட்டது. வேறொருவர் முன்பதிவு செய்திருக்கிறார், இன்றே திருப்பித் தரவும் என்றது. உலகத்தில் இன்னொரு நத்தைப் பைத்தியம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கொடுக்காவிட்டால் கார்டை முடக்கிவிடுவார்கள், அறை போய்விடும். கொடுத்தால், எதிர்ப் பக்கத்தில் விரிக்க ஒன்றும் இருக்காது. சாயங்காலம்வரை இருக்கட்டும் என்று மேலே தூக்கிக்கொண்டு வந்தாள். வரிவரியாகச் சங்குச் சுருள்கள் வரைந்த பக்கங்கள். அவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அக்காவின் கட்டைவிரல் பட்டுப்பட்டு ஓரம் மழுங்கிய இடங்கள் அவளுக்குத் தெரியும்.

மதியம் தாண்டி மணி அடித்தது. அபாயமணியை அடிக்கடி சோதித்துப் பார்ப்பார்கள் என்பதால் யாரும் அவசரப்படவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. பிறகு கதவின் கீழ் இடுக்கு வழியாகப் பழுப்பாக ஏதோ தரையோடு தவழ்ந்து வந்தது. பக்கத்து ஜெராக்ஸ் அறையிலிருந்து ரப்பர் எரிகிற நாற்றம். அவள் துள்ளி எழுந்தாள். பையை எடுத்தாளா, கதவைத் தள்ளினாளா தெரியவில்லை. நடைபாதையில் புகைக்குள் ஓடும்போது யாரோ இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்றார்கள். படிகளில் எத்தனை தோள்களை இடித்தாளோ. வெயிலுக்கு வந்து, கார்களுக்கு நடுவே நின்ற கூட்டத்தில் சேர்ந்தபிறகுதான் பார்த்தாள். பை தோளில் இருந்தது. கார்டுகள் கழுத்தில் தொங்கின. ஸ்வெட்டரும் புத்தகமும் மேலேயே இருந்தன. அக்காவை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது.

உஷ் சார் கூட்டத்துக்குள் புகுந்து, அறை அறையாக ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாம் அறை நாலு பேரும் வந்தாச்சா, ஐந்தாம் அறை யார் என்று கேட்டு, கையிலிருந்த தாளில் கோடு போட்டார். ஜெராக்ஸ் மெஷின் வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். சட்டைக் கையெல்லாம் கரி, இடுப்பில் வாக்கி-டாக்கி. அவள் முன்னால் வந்து நின்றார். அவளுக்குப் பின்னால் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சின்னவ, பெரியவ எங்க?"

அவள் யோசிக்கவில்லை. அத்தனை நாள் சொன்ன பதில், பழகின நாய்போலத் தானாக ஓடி வந்தது.

"மேலதான் சார்."

அவர் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஓடி வந்ததைப் பார்த்தேனே. அவளும் உன் பின்னாடியே வந்திருப்பான்னு..." என்றார். தாளை அவள் கையில் திணித்தார். ஒரு பையனின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் கைக்குட்டையை நனைத்தார். வாசலில் செக்யூரிட்டி மறித்து, தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, இதோ வந்துவிடும் என்றான். அவர் அவனை விலக்கிவிட்டுப் படிக்கட்டுக் கதவுக்குள் போனார், முட்டியைத் தூக்கித் தூக்கி, பக்கவாட்டில்.

அந்தக் கணத்தில் அவள் செய்திருக்க வேண்டியது கத்துவது. அவள் செய்தது வேறு. அண்ணாந்து இரண்டாம் மாடியின் கடைசி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஒரு தலை தெரியுமா என்று பார்த்தாள். உண்மையிலேயே பார்த்தாள். புகை கண்ணாடியின் உட்பக்கத்தைத் தடவிக்கொண்டு நகர்ந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் குரலை அவ்வளவு சத்தமாக யாரும் கேட்டதில்லை.

"பெரியவளே!"

கூட்டம் அடங்கிப்போயிற்று. மறுபடியும் கேட்டது. பிறகு இருமல். பிறகு மறுபடியும், இன்னும் தூரத்திலிருந்து, நடைபாதையின் கடைசியை நோக்கி.

அவள் செக்யூரிட்டியிடம் ஓடினாள். அவரைக் கூப்பிடுங்கள், மேலே யாரும் இல்லை, கூப்பிடுங்கள் என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இப்போதுதானே இருக்கிறாள் என்றாய் என்று அவன் முறைத்தான். அவள் கழுத்து உறையை இழுத்து அவன் கண்ணெதிரே திருப்பித் திருப்பிக் காட்டினாள், ஒரு பக்கம் தன் முகம், மறுபக்கம் அக்கா முகம். அவனுக்கு என்ன புரிந்ததோ, வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனான். மேலே யாரும் இல்லையாம் சார், உடனே இறங்கி வாங்க என்றான்.

கரகரப்பு. அதற்குள் பெரிய மூச்சு ஒன்று.

"இருக்கா. ஸ்வெட்டர் இங்கதான் மாட்டியிருக்கு. புத்தகம் விரிச்சபடியே இருக்கு. புகையில மயங்கி இங்கதான் எங்கயோ விழுந்து கிடக்கா. பாத்ரூம்ல பார்க்கிறேன்."

அவளுக்கு அந்த மேசை கண்முன் வந்தது. எத்தனை கவனமாக அந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். பென்சிலை எப்படிக் குறுக்கே வைத்தால் இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும் என்று தள்ளி நின்று பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் அவர் நம்பிவிட்டார். இனி யார் சொன்னாலும் இறங்கி வரமாட்டார். ஒருத்தரை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தி அவருக்குப் பழக்கமில்லை.

செக்யூரிட்டி கையிலிருந்து வாக்கி-டாக்கியை வாங்கினாள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவன் காட்டினான். சுற்றிலும் அவள் வகுப்புக்காரர்கள், அறைக்காகக் கதவைத் தட்டியவர்கள், நூலகர் அம்மா எல்லோரும் நின்றார்கள். வீட்டில் அப்பா அம்மா முன்னால்கூடச் சொல்லாத சொல்லை இப்போது சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இனிமேல் எந்தக் கதவும் பச்சை காட்டாது. அவள் சொல்லாமல் நின்ற ஒவ்வொரு கணமும் அவர் புகையை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் சின்னவ பேசறேன். அக்கா அங்க இல்ல சார். அக்கா செத்துப் போயிட்டா. ரொம்ப நாள் ஆச்சு. அந்த ஸ்வெட்டரை நான்தான் மாட்டினேன். தினமும் நான்தான் மாட்டுவேன். அங்க யாருமே இல்ல சார். நீங்க வெளிய வாங்க."

பொத்தானை விட்டாள். கருவி பேசவில்லை. கரகரப்புகூட இல்லை. கேட்டாரா, கேட்கிற நிலையில் இருந்தாரா தெரியவில்லை. தூரத்தில் தீயணைப்பு வண்டியின் ஊதல் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரோ அவள் தோளில் கைவைத்தார்கள். அவள் அதைத் தட்டிவிடவும் இல்லை, சாயவும் இல்லை. சார், சார் என்று கருவிக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பொத்தானை அழுத்த மறந்து.

வண்டி வந்தது. கனமான உடுப்பும் முகமூடியுமாக இரண்டு பேர் குதித்து, வாசலை நோக்கி ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே படிக்கட்டுக் கதவு உள்ளிருந்து திறந்தது.

அவர்தான். கைக்குட்டை முகத்தில் இல்லை. கண் சிவந்து, மூக்கடியில் கரி படிந்திருந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒரு கைமேல் மடித்துக் கிடந்தது. அதே கையில் நத்தைப் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தார். தீயணைப்புக்காரர்கள் அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர் உடனே வரவில்லை. இன்னொரு கையால் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி, படிகளில் உருண்டு இறங்கும் புகையைப் பார்த்தபடி நின்றார், மூடும் நேரத்தில் நிற்பதுபோல.