நுரை அடங்காத பரல்

எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் குதத்தில் தீயணைப்பு வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்த ஸெய்னுதீன், கிண்ணியாப் பாலம் தாண்டியும் வேகத்தைக் குறைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் சீருடையையும் சப்பாத்தையும்கூடக் கழற்றாமல் குசினிக்குப் பின்னால் போய், அங்கிருந்த நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரலை இரண்டு கையாலும் அணைத்து இழுத்தார். பாதித் தண்ணீர் அவர்மேலேயே கொட்டியது.

"இனி இதுல ஒரு சொட்டும் குடிக்கப்படாது!"

மனைவி உம்மு குல்சும் அகப்பையோடு வெளியே வந்தாள். பின்னாலேயே மகள் நப்லா, ஆறு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு. ஸெய்னுதீன் அந்த வயிற்றையே பார்த்தார்.

எண்ணெய்த் தீயை அணைக்கிற நுரைமருந்து வந்த பரல் அது. காலியானதும் எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்தான் குதத்து மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார். குடிதண்ணீர் பிடித்து வைக்க இதைவிட நல்ல பரல் தெருவிலேயே இல்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். இன்று காலைதான் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்: பழைய நுரைமருந்தில் உள்ள இரசாயனம் மண்ணிலும் அழியாதாம், உடம்புக்குள் போனால் வருஷக்கணக்கில் தங்குமாம், வயிற்றுப் பிள்ளைக்கும் போகுமாம். பழைய பரல்களையெல்லாம் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள்.

"என்ட கையாலயே கொண்டுவந்து வெச்சனே" என்றார்.

குல்சும் அகப்பையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதுல ஆரு தண்ணி குடிச்ச? கழுவக் கழுவ நுரைச்சிக்கிட்டே இரிந்திச்சி. முற்றம் கழுவத்தான் வெச்சிரிக்கம். குடிக்கிற தண்ணி பானைக்குள்ளதானே."

"எட்டு வருஷமா ஏன் சொல்லல்ல?"

"அவ்வளவு பெருமையா இறக்கினீங்க. எப்பிடிச் சொல்ற?"

தன்னை ஏமாற்றிய இரண்டு பெண்களையும் பார்க்க ஸெய்னுதீனுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று கதிரையில் சாய்ந்தார். குல்சும் தேநீர் கொண்டுவந்தாள். இனிப்பு கூடிப் போயிருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நப்லா மட்டும் சிரிக்கவில்லை.

"வாப்பா, கிழமைக்கு ஒருக்கா அந்த நுரைக்குள்ளதானே நிண்டு தீயணைக்கப் பழகுறீங்க?"

"ஓம். முழங்கால் மட்டத்துக்கு வரும்."

"எத்தின வருஷம்?"

"பத்தொன்பது" என்றார். தன்னைப் பற்றி வரும் வழியெல்லாம் அவர் ஒரு தரமும் நினைக்கவில்லை.

குல்சும் சிரிப்பை நிறுத்தினாள். அந்த நுரை போக வாரா வாரம் தன் கையாலேயே தோய்த்துப் போட்ட சீருடையை, அவர் உடம்போடு ஈரமாக ஒட்டிக் கிடந்ததை, புதிதாகப் பார்ப்பவள் போல நின்று பார்த்தாள்.