மூன்றாவது முறை சொன்ன குரல்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கராச்சியில் என் மேல்மாடியில் குடியிருக்கும் சஃபூரா ஆபாவுக்கு, எங்கள் எல்லோருக்கும் அக்கா முறையானவருக்கு, நேர்ந்தது. பெண்கள் மாத இதழில் அவர் தொடராக எழுதிய காதல் நாவலைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கினார்கள். நாயகனாக நடித்தவன் அர்ஸலான், நாயகியாக ஸர்மீனா. நிஜத்திலும் கணவன் மனைவி. மணமாகி நான்கு மாதம்.

இப்படித் தொடங்கினேன்:

கடற்காற்றில் ஸர்மீனாவின் துப்பட்டா

(வேண்டாம். பயந்து நிற்கிறவளின் துப்பட்டாவை வர்ணிப்பது முறையல்ல.)

2

நாவலில் நாயகன் கோபத்தில் மனைவியிடம் மணவிலக்குச் சொல்லை மூன்று முறை சொல்கிறான். மூன்று முறையும் சொல்லிவிட்டால், விளையாட்டாகச் சொன்னாலும் பலித்து மணம் முறிந்துவிடும் என்ற பயம் எங்கள் வீடுகளில் உண்டு. ஆகவே இயக்குநர் ஸர்மீனாவை வெளியே அனுப்பி, அர்ஸலானைக் காலி நாற்காலியைப் பார்த்து இரண்டு முறை மட்டும் சொல்லவைத்தார்.

"பாவம் நாற்காலி, இனி அம்மா வீட்டுக்குப் போகணும்" என்றார் ஒலிப்பதிவாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபோது மூன்று முறை இருந்தது. மூன்றாவது அர்ஸலானின் குரல் இல்லை. அதில் கோபமும் இல்லை. யாரோ புத்தகத்தை வாய்க்குள் படிப்பதுபோல் இருந்தது.

3

"நடிப்புல சொன்னது செல்லாதுன்னு மௌலவி சொல்லிட்டார், ஆபா. ஆனா என் வீட்டுக்காரர் தனி அறையில படுக்கறார். என்னைத் தொடவே பயப்படறார்."

"பைத்தியக்காரி! ஏதோ மெஷின் கோளாறா இருக்கும்."

"அழிச்சும் பாத்தாங்க. திரும்பக் கேட்டா திரும்ப இருக்கு. நீங்கதானே எழுதினீங்க? நீங்களே மாத்துங்க."

"பன்னிரண்டு வருஷமா ஊரே அழுத காட்சிடி அது."

"இப்போ நான் அழறேனே, ஆபா."

ஆபா பிஸ்மில்லாஹ் சொல்லிப் பேனாவை எடுத்தார். இரண்டு முறை சொன்ன நாயகன் நாக்கு உலர்ந்து, மனைவியிடமே தண்ணீர் கேட்பதாக மாற்றி எழுதினார். தம் புகழை விட்டுக்கொடுத்த அந்தச் சின்ன இரக்கத்தை அல்லாஹ் வீணாக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

(அன்று படியிறங்கும்போது ஆபா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "எத்தனை ஆயிரம் பேர் அந்தச் சொல்லை வாய்க்குள்ள படிச்சிருப்பாங்க! அதுல யாரோ ஒருத்தி இன்னும் அந்தப் பக்கத்தைவிட்டு நகரல." அவர் விரல்கள் சில்லென்றிருந்தன.)

4

ஒலிப்பதிவாளர் குறும்பு செய்தார் என்று முடிக்கலாம். அந்த நல்ல மனிதர் மேல் பழி போட மனமில்லை. அர்ஸலான் பெட்டியை எடுத்துக்கொண்டு

(இல்லை. எழுத மாட்டேன்.)

மாற்றிய காட்சியை இப்போது பதிவு செய்கிறார்கள். ஸர்மீனா கதவுக்கு வெளியே காதை வைத்து நிற்கிறாள். உள்ளே அர்ஸலான் ஒரு முறை சொல்லிவிட்டான். இரண்டாவதும் சொல்லிவிட்டான். இனி தண்ணீர் கேட்க வேண்டும். அதற்கு முன் ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கிறது. அந்த இடத்தில் நான் எதையும் எழுதவில்லை:

————

அன்பான வாசகரே, உங்கள் உதடு அசையாமல் இருக்கட்டும். அவளுக்குக் கேட்கும்.