அம்மாக்கண்ணு பாட்டு படகேறிய கதை

1

இந்தக் கதை இலங்கை மலைநாட்டில், அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் எனக்குக் கிடைத்தது. பத்திரிகைக்குக் கதை தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, எழுத எதுவுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் ஒரு சினிமாப் பாட்டுக்காகச் சண்டை போட்டார்கள். காதலனும் காதலியும் படகில் போய்க்கொண்டே பாடும் பாட்டு. மதராஸ்காரி பாடியதுதான் உசத்தி என்றார் ஒருவர். அதே மெட்டில் வந்த சிங்களப் படப் பாட்டில்தான் உருக்கம் அதிகம் என்றார் மற்றவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டும் பொன்னையா குறுக்கே வந்து, அது தன் தோட்டத்து அம்மாக்கண்ணு பாடிய பாட்டு என்றார். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல மனதால் அல்ல. எனக்குக் கதை தேவைப்பட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மூடுபனி மலைமுகட்டைத் தழுவியிருந்த அந்தக் காலைப்பொழுதில், கூடையைத் தலையில் மாட்டிய ஒரு

(வேண்டாம். எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். நனைந்த கம்பளியோடு வேலை செய்கிறவர்களுக்கு அது அத்தனை அழகாகத் தெரிவதில்லை.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே கொழுந்து பறிப்பவள் அம்மாக்கண்ணு. புருஷன் சோலைமலை. வயதான காலத்தில் முசிறிப் பக்கம் ஊர் திரும்பியிருந்த அவன் தகப்பனுக்கு 1953இல் சீக்கு முற்றியது. பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கப்பலேறினான். மகள் நாகலெட்சுமி அப்போது கைக்குழந்தை. தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியவனைக் கடற்கரையில், மண்டபம் முகாமிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் இலங்கைக் குடிமகன் இல்லையாம். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். இங்கே பிறந்தது மட்டும் போதாது என்று சட்டம் வந்து அப்போதே சில வருஷங்கள் ஆகியிருந்தன.

அவன் இனி வரமாட்டான் என்று தெரிந்த பிறகுதான் அம்மாக்கண்ணு பாடத் தொடங்கினாள். மலையில் நின்று கொழுந்து பறிக்கும்போது தானாக வந்த பாட்டு. போனவனைத் திட்டும், கப்பலைத் திட்டும், சட்டம் போட்டவர்களைத் திட்டும். கடைசியில் பிள்ளைக்குத் தாலாட்டாக இறங்கும். பக்கத்துப் பெண்கள் கை ஓய்ந்து கேட்டுக்கொண்டு நின்று கங்காணியிடம் ஏச்சு வாங்கினார்கள்.

(அதன் வரிகள் என்னிடம் இல்லை. நானே எழுதிப் போட்டுவிடலாம். படக் கம்பெனிக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்.)

3

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும். கணேசமூர்த்தியை வைத்துக்கொண்டேன்.

அட்டனில் ஆர்மோனியம் வாசித்தவர். திருவிழா நாடகத்துக்காகத் தோட்டத்துக்கு வந்தவர் அம்மாக்கண்ணுவைப் பாடச் சொல்லிக் கேட்டார். மறுபடியும் பாடச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் மதராஸுக்குப் போய் ஒரு படக் கம்பெனியின் வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்தார்.

அவர் பார்வையில் ஒரு நரித்தனம் இருந்தது என்று எழுதியிருந்தேன். பொன்னையா மீதியையும் சொன்ன பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். கம்பெனி மெட்டை எடுத்துக்கொண்டு, வேறொருவர் பெயரைப் போட்டு, இவரைத் துரத்தியும் விட்டதாம். இப்போது கல்யாண வீடுகளில் வாசிக்கிறார். போகிற இடமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். குடித்தால், அது தான் கொடுத்த மெட்டு என்று அழுகிறார். ஒருவரும் நம்புவதில்லை. யாரிடமிருந்து எடுத்தார் என்று மட்டும் எத்தனை குடித்தாலும் சொன்னதில்லை.

(பாதிக் கெட்டவன். கதைக்கு உதவமாட்டான். வேறு ஆளும் கிடைக்கவில்லை.)

4

படம் அட்டனுக்கு வந்தபோது தோட்டத்திலிருந்து லொறியில் ஆட்கள் போனார்கள். அம்மாக்கண்ணுவை இழுத்துப் போனவள் லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டு ராக்காயி. திரையில் ஏரி, படகு, தலைநிறையப் பூ வைத்த ஒருத்தி. அவள் வாய் திறந்ததும் அம்மாக்கண்ணு எழுந்து நின்றுவிட்டாள்.

“இது எம் பாட்டு.”

பின்னாலிருந்தவர்கள், மறைக்கிறது, உட்கார் என்றார்கள். ராக்காயி சேலையைப் பிடித்து உட்காரவைத்தாள். திரும்பும்போது லொறி முழுக்க அந்தப் பாட்டுத்தான், படத்து வார்த்தைகளோடு. அதில் கப்பலும் இல்லை, சட்டமும் இல்லை. நிலாவும் மல்லிகையும் இருந்தன.

அதற்குப் பிறகு மலையில் அவள் பாடினால் இளசுகள் திருத்தினார்கள்: “அக்கா, வார்த்தைய தப்பா பாடுறீங்க.” சிங்களப் படத்தில் அது வந்தபோது கடைத்தெருவில் இன்னொரு மொழியிலும் கேட்டாள். பாடுவதை விட்டுவிட்டாள். நாகலெட்சுமி அதைப் படத்துப் பாட்டாகவே கற்றுக்கொண்டு வீட்டில் பாடித் திரிந்தாள். தாய் அதட்டவில்லை.

5

இங்கே எனக்கு ஓர் ஆசை வந்தது. முசிறியில் ஒரு கடை வாசலில் சோலைமலை நிற்கிறான். வானொலியில் பாட்டு வருகிறது. அவன் திடுக்கிட்டு, இது என் பெண்சாதியின் குரல் மாதிரி

(முடியாது. அவன் போன பிறகு பிறந்த பாட்டு அது. அவன் இங்கே இருந்திருந்தால் அவள் பாடியிருக்கவே மாட்டாள். அவனுக்கு எப்படித் தெரியும்?)

உண்மையில் வந்த சேதி வேறு. துணி வாங்கத் திருச்சிக்குப் போய்வந்த அட்டன் கடைக்காரர் அழகுமுத்து அவனைப் பார்த்திருக்கிறார். கூடாரம் போட்ட சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறான். வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தப் படகுப் பாட்டை அவளுக்கு அச்சு அசலாகப் பாடிக் காட்டுகிறானாம், அவள் வெட்கப்படுகிறாளாம். அழகுமுத்து இதை வேடிக்கையாகத்தான் ராக்காயியிடம் சொன்னார். ராக்காயி அம்மாக்கண்ணுவிடம் சொன்னாள். அம்மாக்கண்ணு அன்றைக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து வேலை செய்தாள்.

6

இந்த வருஷம், 1965இல், பொன்னையாவோடு போய் அவளைப் பார்த்தேன். பாடிக் காட்டச் சொன்னேன். கொஞ்சம் தயங்கித் தொடங்கினாள். இரண்டாவது அடியில் நிலா வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுபடியும் நிலாதான் வந்தது.

“அதுதான் வாயில வருதுங்க சார்,” என்றாள். “எம் பாட்டு போயிருச்சு.”

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, எங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கிட்டிருந்த நேரம். அவள் இந்தியாவுக்குப் பதியலாமா, இங்கேயே இருப்பதற்குக் கேட்கலாமா என்று பேச்சு வந்தது. நாகலெட்சுமி அப்பாவிடம்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்பதை அம்மாக்கண்ணு மகளிடம் சொல்லவில்லை.

பிள்ளை தண்ணீருக்குப் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“போனோம்னா, அந்த மனுசன் அந்தப் பாட்ட எங்கிட்டயும் பாடிக் காட்டுவாரு. நல்லாருக்குன்னு சொல்லணுங்களா?”

அவளைக் கப்பலேற்ற எனக்கு ஒரு வரி போதும். லயத்திலேயே விட்டுவைக்கவும் ஒரு வரி போதும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவள் கேட்டதற்கு உங்களுக்குப் பதில் தெரிந்தால், நீங்களே அவளிடம் போய்