தேவாரத்து மலையில் இருவாச்சி

தேனி கடைத்தெருவில் வைகுண்டராஜுக்குப் படக்காரர் என்றே பெயர். அப்பா விட்டுப்போன இரும்புக்கடையைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவர் கேமராப் பெட்டியும் முக்காலியுமாக மலை மலையாகத் திரிந்தார். சுருளி அருவியும் கம்பத்து நடவு வயலும் அவர் கையால் மதராஸ் பத்திரிகைகள்வரை போயிருந்தன. நிழல் நீளமாகக் கிடக்கும் காலை வெயிலில்தான் மலைக்கு முகம் உண்டு, உச்சிவெயிலில் அது வெறும் சுவர் என்பார். ஆடிக் காற்றில் முக்காலியின் நடுவே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, காற்று மூச்சு வாங்கும் நேரத்துக்காகக் காத்திருப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு பறவை போக்குக் காட்டியது.

தேவாரம் ஊருக்கு மேலே காட்டில், ஒரு பெரிய மரத்தின் பொந்தில் இருவாச்சி கூடு வைத்திருந்தது. பெட்டை உள்ளே போனதும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் இருக்கும். குஞ்சு தேறும்வரை சேவல்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அந்த ஊட்டலைத்தான் அவர் படமாக்க நினைத்தார். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் கண்ணாடித் தகட்டில் உருவம் பதியச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் பறவை தலையை ஆட்டிவிடும். போன கோடையிலும் இந்தக் கோடையிலும் கெட்டுப்போன தகடுகள் அலமாரியில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டிருந்தன.

தகடுகளை இருட்டறையில் மருந்தில் போட்டுக் கழுவுவது அவர் மனைவி சொர்ணலதா. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கு லீவு விட்டதும், "இந்தத் தடவ நானும் வர்றேன். தகட்டுல அந்தப் பறவையக் கலங்கலா, பேய் மாதிரியே பாத்துக்கிட்டிருக்கேன். உசுரோட ஒருக்காப் பாக்கணும்" என்றாள்.

கூட்டைக் கண்டுபிடித்துச் சொன்ன ஒச்சாண்டி தேவாரத்திலிருந்து பெட்டியைச் சுமந்துகொண்டு முன்னே நடந்தான். மரத்துக்கு எதிரே, பொந்தின் உயரத்துக்கே ஒரு பாறை. அதில் இலைதழையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். வைகுண்டராஜ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த பொந்தின் கீறலைக் கூர்மையாக்கினார். தகட்டைச் சொருகினார். அப்போதுதான் குளிர் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் யாரையும் விடாத மலேரியா முறைக்காய்ச்சல். பல் கிட்டித்தது. படமெடுக்க அமுக்கும் ரப்பர் குமிழைப் பிடித்த கை நிற்காமல் உதறியது.

"இறங்கிருவமா அய்யா?" என்றான் ஒச்சாண்டி. "பெட்டிய நாளைக்கு வந்து எடுத்துக்கிரலாம்."

"இன்னிக்கு விட்டா மழ பிடிச்சிரும்" என்றார் அவர். மேற்கே மேகம் கறுத்திருந்தது. சொர்ணலதா தன் சால்வையை அவர்மேல் போர்த்தினாள். பிறகு குமிழை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மரத்துல வந்து உக்காந்ததும் அமுக்கு. ஊட்ட ஆரம்பிச்சா தல ஆடிரும். யோசிக்காத" என்றார்.

வெகுநேரம் கழித்து, போடி ரயில் மூச்சுவிடுவதைப்போல மரங்களுக்கு மேலே இறக்கைச் சத்தம் கேட்டது. சேவல் வந்து பட்டையைக் கவ்வி அமர்ந்தது. மஞ்சள் அலகில் வெயில் பட்டது. சொர்ணலதா அமுக்கவில்லை.

"அமுக்கு" என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் திரும்பவே இல்லை. பறவை தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் தலை ஆடியது. காரியம் கெட்டது என்று வைகுண்டராஜ் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சலைவிட அந்த ஏமாற்றம் அதிகமாகச் சுட்டது. மறுபடி கண்ணைத் திறந்தபோது கடைசிப் பழத்தைப் பெட்டை வாங்கியிருந்தது. பழத்தோடு அதன் அலகு நுனி கீறலில் நின்றது. சேவல் பறக்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அந்தக் கீறலையே பார்த்தபடி அசையாமல் இருந்தது.

குமிழ் அமுங்கிய மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்டது.

பறவை போனபிறகுதான் அவள் மூச்சுவிட்டாள். "கோவமா?"

"ஏன் அப்பவே அமுக்கல?"

"நீங்க எடுத்த தகடு அம்புட்டுலயும் வாலு தெளிவா இருக்கும், தலை மட்டும் ரெண்டு ரெண்டா இருக்கும். ஒடம்பு நிக்கிது, தலதான் ஆடுது. ஊட்டி முடிச்சதுக்கப்பறமாவது நிக்காதான்னு பாத்தேன். நிண்டுச்சு."

வைகுண்டராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை காலம் பறவையைத் தான் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தார். மூடிய அறையில், சிவப்பு விளக்கின் கீழே, அவரை விடக் கவனமாக அதை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நடுக்கம் இன்னும் விடவில்லை. ஆனாலும் மனசு நிறைந்து கிடந்தது.

காய்ச்சல் இறங்கியதும் இருவரும் சேர்ந்தே தகட்டைக் கழுவினார்கள். மருந்துக்குள் முதலில் மரப்பட்டை வந்தது, பிறகு இறக்கை, பிறகு அலகு. சேவலின் கண்ணில் ஒளிப்பொட்டுகூடத் துல்லியமாக இருந்தது. "பேய் போயிருச்சு" என்றாள் சொர்ணலதா.

மதராஸ் பத்திரிகைக்குப் படத்தை அனுப்பியபோது அடியில் அவள் பெயரை எழுதினார். "முக்காலி வச்சது, கூர்மை பாத்தது எல்லாம் நீங்கதான?" என்று அவள் மறுத்துப் பார்த்தாள்.

"அதெல்லாம் தச்சு வேல. எப்ப அமுக்கணும்னு தெரிஞ்சவகளுக்குத்தான் படம்" என்றார்.

இதழ் வந்த அன்றைக்கு வைகுண்டராஜ் அதை இரும்புக்கடை வாசலிலேயே பிரித்து வைத்தார். வாரத்துக்கு ஒருமுறை சந்தைக்கு வரும் ஒச்சாண்டியும் வந்து குனிந்து பார்த்தான்.

"டீச்சரம்மா எடுத்தாகளா?" என்று கேட்டார் பக்கத்துக் கடைக்காரர்.

"ஆமா. நான் பக்கத்துல உக்காந்து நடுங்கிக்கிட்டிருந்தேன்" என்றார் வைகுண்டராஜ் பெருமையாக. அடுத்த கோடைக்கு வருசநாட்டுக் காட்டில் எங்கே தங்குவது என்று ஒச்சாண்டியிடம் விசாரிக்கத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் இடம் வேண்டும் என்றார்.