பதினோரு வாரம் மீன் இல்லாத தொட்டி

சனிக்கிழமை காலை. தொட்டியிலிருந்து ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, புதிதாகக் கலக்கிய உப்புத்தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார் ஹென்னிங். அவர் மனைவி அல்முட் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கம்பளத்தத் தொடைக்க என் குளியல் துண்டுதான் கெடச்சுதா?"

"கடல் தண்ணியில நனைஞ்ச துண்டு அல்மு. வெளியில இதுக்குக் காசு வாங்குவான்."

"நீயே போத்திக்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனார். கடை வரிசையிலேயே சாய்ந்துவிட்டார். ஓல்டன்பர்க் நகரில் அன்று பிப்ரவரிக்கே உரிய தூறல்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கேக்கும் காபியும் சாப்பிட்டுப் போனார்கள். வரவேற்பறையில் அறுநூறு லிட்டர் கடலோடு அல்முட் மட்டும் மிஞ்சினாள்.

புதிதாக வாங்கும் மீன் எதுவானாலும் ஆறு வாரம் நிலவறையில், மணலும் பாறையும் இல்லாத வெறும் தொட்டியில், தனியாக இருக்க வேண்டும் என்பது ஹென்னிங்கின் சட்டம். ஒட்டுண்ணியோடு வந்திருந்தால் அது மேலே போகாமல் அங்கேயே பிடிபட்டுவிடும். அவர் போனபோது அங்கே ஊதா நிறத்தில் ஒரு குட்டி மீன் நான்காவது வாரத்தில் இருந்தது. அல்முட் தீனி போட இறங்கும்போதெல்லாம் அது பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். அவளால் இரண்டு நாள்தான் தாங்க முடிந்தது. ஒரு வாளியில் அதை மேலே கொண்டுவந்து பெரிய தொட்டியில் விட்டாள். இந்த வீட்டில் ஓர் உயிராவது துணையோடு இருக்கட்டும் என்றுதான்.

அதிலிருந்து பத்தாம் நாள் புரொபசர் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. புரொபசர் என்பது மஞ்சள் நிற டாக்டர் மீன். பதினாறு வருடமாகக் காலைக் காபியோடு ஹென்னிங் பேசிவந்த மீன். அதன் மேல் யாரோ உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அல்முட் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். அவரை அனுப்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவருடைய மீனையும் அனுப்பப் போகிறேனா?

நிலவறை அலமாரியில் மருந்து இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கடல்மீன் வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர் கெரோல்டுக்குப் போன் செய்தாள்.

"செம்பு மருந்து இருக்கு. பெரிய தொட்டிக்கு எத்தன மூடி ஊத்தணும்?"

"ஒரு சொட்டு ஊத்தாதீங்க! மூடுங்க அத. மூடிட்டீங்களா? மீனுக்குத்தான் அது மருந்து. பவளம், இறால், நத்தை எல்லாத்துக்கும் விஷம். தள்ளி வைங்க, நான் கெளம்பிட்டேன்."

சங்கத்து ஆட்கள் இருவரோடும் ஏழு வாளிகளோடும் வந்து இறங்கினார். வாசலிலேயே அல்முட் சொல்லிவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான். ஆறு வாரம் முடியல. தனியா இருந்துச்சேன்னு மேல கொண்டுவந்துட்டேன்."

"எங்க சங்கத்துல இதச் செய்யாதவங்க கை தூக்குங்கன்னா ஒரு கையும் எழும்பாது. நான் மூணு தடவ. உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவ."

"ஹென்னிங்கா? என்கிட்ட மூச்சு விடலியே!"

"விடுவாரா? ரெண்டாவது தடவ பட்டப்புறம்தான அந்தச் சட்டமே வந்துச்சு."

அல்முட் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தால்தான் மீன்களைப் பிடிக்க முடிந்தது. புரொபசரையும் இரண்டு கோமாளி மீன்களையும் ஊதாக் குட்டியையும் நிலவறைக்கு இறக்கி முடிக்க மாலையாகிவிட்டது.

"இந்தப் புள்ளியெல்லாம் ஒட்டுண்ணிதான். உதிர்ந்து மணல்ல உக்காந்துக்கும்," என்றார் கெரோல்ட். "ஒவ்வொண்ணுலேருந்தும் நூத்துக்கணக்குல குட்டி வரும். வந்ததும் மீனத் தேடும். மீன் இல்லன்னா பட்டினி கெடந்து சாகும். மேல பதினோரு வாரம் ஒரு மீனும் கூடாது."

கீழே தண்ணீரில் விட்ட செம்பின் அளவு குறைந்தால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், கூடினால் மீன் செத்துவிடும். காலையும் மாலையும் சிறு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். எழுந்திருக்கவே பிடிக்காத நாட்கள் அவை. ஆனாலும் ஏழு மணிக்கு அவள் படியிறங்கினாள்.

ஐந்தாம் நாள் கோமாளிகளில் ஒன்று செத்தது. புரொபசர் எதையும் தொடவில்லை. கெரோல்ட் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்தார். பூண்டுச் சாறில் தோய்த்த இறாலை விட்டுப் பார்த்தார்.

"மீனுக்குப் பூண்டா? சாப்பிடுறதுக்கா, சமைக்கிறதுக்கா?"

"ரெண்டுக்கும் தயாரா இருக்கணும் அல்முட்."

ஒன்பதாம் நாள் அவள் காய்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மூலை கிழிந்திருந்தது. மேலே ஓடிப் போனை எடுத்தாள்.

"கடிச்சுட்டான்!"

"ஐயோ, யார?"

"பாசிய! புரொபசர்!"

மறுமுனையில் கெரோல்ட் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நான்காம் வாரம் புள்ளி ஒன்றும் இல்லை. மேலே கொண்டுபோய்விடலாமா என்று அவளுக்குக் கை பரபரத்தது. கேட்டும் பார்த்தாள்.

"மேல ஒட்டுண்ணி இன்னும் பசியோட உக்காந்திருக்கும்," என்றார் கெரோல்ட்.

அவள் மறுபடி கேட்கவில்லை. மருந்தை வடித்து நீக்கிய தண்ணீரில் மீன்கள் கீழேயே இருந்தன. மேலே மீனில்லாத தொட்டியில் இறால்கள் நடந்தன, பவளங்கள் விரிந்தன.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மீன்களையும் மேலே விட்டார்கள். நோய் ஒட்டிவரும் என்று அந்தச் சங்கத்தில் யாரும் தங்கள் வீட்டு வலையை இன்னொருவர் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். கெரோல்ட் வெறுங்கையோடு வந்து ஹென்னிங்கின் வலையால்தான் பிடித்தார். ஊதாக் குட்டி கோமாளியின் பின்னாலேயே போயிற்று.

"உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?" என்றாள்.

"அடுத்து எது வாங்கினாலும் ஆறு வாரம் கீழ வைங்க. அது போதும்."

அவர் போன பிறகு அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். கெரோல்டுக்கும் வாளி தூக்கிய அந்த இருவருக்கும் மனதுக்குள் நன்றி சொன்னாள். பதினோரு வாரமும் தன்னைப் படுக்கையிலிருந்து எழுப்பிய மீன்களுக்கும். எல்லாவற்றையும்விட, ஹென்னிங் தன்னிடம் மறைத்த அந்த இரண்டு தப்புகளுக்கு. அவர் ஒழுங்காகவே இருந்திருந்தால் தன் தப்பை அவளால் தாங்கியிருக்க முடியாது.

மார்ச்சில் ஊரெல்லாம் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்திருந்தது. மீனுக்குக் கோடை நேரம் கிடையாது என்று ஹென்னிங் தொட்டி விளக்கின் டைமரை ஒருபோதும் தொட்டதில்லை. அல்முட்டும் தொடவில்லை. குளிர்காலத்தில் காலை பத்துக்கு எரியும் விளக்கு அன்றும் பதினொன்றுக்குத்தான் எரிந்தது.